உயிருள்ள மனிதச் செல்லை ஏ.எஃப்.எம்.மில் படமெடுப்பது எப்படி?

அணுவிசை நுண்ணோக்கியை 1986-ல் கெர்ட் பின்னிக், கால்வின் குவேட், கிறிஸ்டோஃப் கெர்பர் மூவரும் உருவாக்கினார்கள். ஆய்வகத்தில் யாரும் முழுப் பெயர் சொல்வதில்லை, ஏ.எஃப்.எம். என்றால் போதும். கூரான ஒரு முனையால் பரப்பைத் தொட்டுத் தொட்டு அதன் மேடுபள்ளத்தை வரையும் கருவி அது. திரவத்துக்குள்ளும் வேலை செய்யும் என்பதால்தான் உயிரியலாளர்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைக்க வேண்டுமானால் செல்லைக் கொன்று, நீரை நீக்கி, உலோகம் பூச வேண்டும். ஏ.எஃப்.எம்.மிலோ வெதுவெதுப்பான மீடியத்தில் (வளர்ப்புத் திரவத்தில்) ஊர்ந்துகொண்டிருக்கும் செல்லை அப்படியே வைக்கலாம். உயிருள்ள கிளியல் செல்களுக்குள் (நரம்புத் துணைச் செல்கள்) ஆக்டின் என்ற புரத இழைகள் இடம்மாறுவதை 1992-லேயே இப்படிப் பதிவு செய்துவிட்டார்கள்.

சிக்கல் செல்லின் மென்மையில் இருக்கிறது. விறைப்பைச் சொல்லும் அளவான யங் குணகம் கண்ணாடிக்குச் சுமார் 70 கிகாபாஸ்கல். ஒட்டி வளரும் மனிதச் செல்லுக்கு அது பெரும்பாலும் 1 கிலோபாஸ்கலிலிருந்து சில பத்து கிலோபாஸ்கல் வரைதான். ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு வித்தியாசம். சிலிக்கான் துண்டிலோ மைக்காவிலோ படமெடுத்துப் பழகிய கை அதே அமைப்புகளோடு செல்லுக்கு வந்தால், முனை செல்லுக்குள் புதைந்து போகும், அல்லது செல்லையே பெயர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

செல் வளர்ப்பும் ஏ.எஃப்.எம்.மும் தனித்தனியாகக் கொஞ்சம் தெரிந்து, இரண்டையும் இன்னும் சேர்த்துச் செய்து பார்க்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் அழுத்தமான கருத்து ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படம் எடுக்கக் கற்கும் முன் விசை வளைகோட்டை, அதாவது முனை இறங்கி எழும்போது அது உணரும் விசையை வரையும் கோட்டை, படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். செல்லை எவ்வளவு அழுத்துகிறீர்கள், முனை சுத்தமாக இருக்கிறதா, தொடுவது செல்லையா கண்ணாடியையா என்று எல்லாவற்றையும் அந்த ஒரு கோடு சொல்லும். படம் அழகாக இருந்துகொண்டே பொய் சொல்லும்.

முதலில் செல்

தட்டையாகப் பரவி, தரையை இறுகப் பிடித்து வளரும் செல்லோடு தொடங்குங்கள். ஃபைப்ரோபிளாஸ்ட், எண்டோதீலியல் செல், எபிதீலியல் செல் எல்லாம் ஏற்றவை. 1951 முதல் உலகமெங்கும் வளர்க்கப்பட்டுவரும் ஹீலா செல்லும் பரவாயில்லை, ஆனால் அது கொஞ்சம் உயரமான செல். நியூக்ளியஸ் இருக்கும் நடுப்பகுதி பொதுவாக 3 முதல் 10 மைக்ரோமீட்டர் உயரம் வரும். விளிம்பு அரை மைக்ரோமீட்டருக்கும் மெல்லியதாக இருக்கலாம். உங்கள் கருவியின் பீசோ (முனையை நுணுக்கமாக நகர்த்தும் பாகம்) செங்குத்துத் திசையில் எவ்வளவு நகரும் என்று இப்போதே பாருங்கள். 5 மைக்ரோமீட்டர்தான் என்றால் முழுச் செல்லை ஒரே படத்தில் பிடிக்க முடியாது. 15 மைக்ரோமீட்டர் இருந்தால் நிம்மதி.

அடியில் கண்ணாடி உள்ள டிஷ்தான் வேண்டும். முழுக்கப் பிளாஸ்டிக்கான டிஷ்ஷின் அடித்தளம் லேசாக அதிரும், அந்த அதிர்வு படத்தில் வரும். டிஷ்ஷின் சுவர் உயரமாக இருந்தால் ஏ.எஃப்.எம். தலை உள்ளே இறங்காது. செல்லை விதைக்கும் முன் வெறும் டிஷ்ஷை வைத்து, தலை இடிக்காமல் இறங்குகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். கண்ணாடிமேல் ஃபைப்ரோனெக்டின் அல்லது கொலாஜன் பூசினால் செல் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பாலி-லைசினும் பிடிக்கும், ஆனால் அது வெறும் மின்னூட்டக் கவர்ச்சி. செல் இயல்பாகக் கால் பரப்பி உட்கார வேண்டுமானால் முதல் இரண்டும் மேல்.

விதைத்து 24 முதல் 48 மணி நேரம் கழித்துப் படமெடுங்கள். டிரிப்சின் (ஒட்டிய செல்லைப் பிரிக்கும் நொதி) போட்டு எடுத்த செல் பழைய நிலைக்கு வர அவ்வளவு நேரமாவது தேவை. கன்ஃப்ளூயன்ஸ், அதாவது செல்கள் மூடிய தரையின் பங்கு, 50 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். செல்களுக்கு நடுவே வெறுங்கண்ணாடி தெரிந்தாக வேண்டும், ஏனென்றால் முனை முதலில் இறங்குவது அங்கேதான். உயரத்துக்கான அடித்தளமும் அதுவே.

படமெடுக்கும் முன் வெதுவெதுப்பான மீடியத்தால் இரண்டு முறை மெதுவாகக் கழுவுங்கள். டிஷ்ஷின் ஓரத்தில் ஊற்றுங்கள், செல்லின் தலைமேல் வேண்டாம். மிதக்கும் இறந்த செல்களும் சிதிலங்களும் போகட்டும். முனையில் போய் ஒட்டிக்கொள்வது பெரும்பாலும் அவைதான்.

ரத்த அணுக்கள் போல ஒட்டாத செல்கள் தனிக் கலை. அவற்றைப் பாலி-லைசினில் பிடித்து வைப்பார்கள், அல்லது செல்லின் அளவுக்கே துளையிட்ட சவ்விலோ குழியிலோ உட்கார வைப்பார்கள். முதல் மாதத்தில் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

அதற்குப் பதில் பொருத்தப்பட்ட, அதாவது வேதிப்பொருளால் இருந்த நிலையிலேயே நிலைநிறுத்திய, செல்லில் பழகுங்கள். 4 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடில் வைத்து எடுத்த செல் நகராது, சாகாது, விறைப்பும் அதிகம். கெயினையும் (ஃபீட்பேக் எவ்வளவு வேகமாகத் திருத்துகிறது என்பது) செட்பாயிண்ட்டையும் (எட்ட வேண்டிய விசை) திருப்பித் திருப்பி விளையாட அது இடம் கொடுக்கும். விறைப்பு எண்களை மட்டும் அதிலிருந்து எடுக்காதீர்கள். வேதிப்பொருள் புரதங்களைக் கோத்துக் கட்டிவிட்டதால் அது வேறு பொருளாகிவிட்டது.

கேன்டிலீவர்

நுனியில் அந்தக் கூர்முனையைத் தாங்கும் மெல்லிய நெகிழ்சட்டம் இது; இது வளைவதை இதன் முதுகில் பட்டுத் திரும்பும் லேசர் காட்டும். புதியவர்கள் மிகவும் அலட்சியமாகத் தேர்வது இதைத்தான். ஆனால் மீதி எல்லாம் இதைப் பொறுத்தது.

வில் மாறிலி (வளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்ற அளவு) மீட்டருக்கு 0.01 முதல் 0.1 நியூட்டன் வரை இருக்கட்டும். ஏன் என்று ஒரு கணக்கில் பார்க்கலாம். 0.03 நியூட்டன் கேன்டிலீவர் 10 நானோமீட்டர் வளைந்தால் செல்மேல் விழும் விசை 300 பைக்கோநியூட்டன். காற்றில் டேப்பிங் (முனையை அதிரவைத்துத் தட்டித் தட்டிப் படமெடுக்கும் முறை) செய்யப் பயன்படுத்தும் 40 நியூட்டன் சிலிக்கான் கேன்டிலீவர் அதே 10 நானோமீட்டர் வளைந்தால் 400 நானோநியூட்டன். ஆயிரம் மடங்குக்கும் மேல். செல்லைக் கிழித்துக் கண்ணாடியைத் தொட்டுவிடும். இன்னும் மென்மையாகப் போனால் இன்னும் நல்லதுதானே என்று கேட்கலாம். கேன்டிலீவர் மென்மையாக ஆக, வெப்ப அதிர்வு கூடும், திரவ இழுவைக்கு அதிகம் வளையும், செல்லில் ஒட்டிக்கொண்டால் விடுபடத் தடுமாறும். 0.03-லிருந்து 0.1 வரை தொடக்கத்துக்கு நல்ல இடம். எம்.எல்.சி.டி. என்ற வகையில் ஒரே சிப்பில் பல கேன்டிலீவர்கள் இருக்கும். அதில் ‘டி’ 0.03, ‘ஈ’ 0.1. எதன்மேல் லேசரை வைக்கிறோம் என்பதை நோட்டில் குறித்துவையுங்கள். உருவத்தை வைத்து அவற்றை மாற்றிப் பிடித்துவிடுவது மிகச் சுலபம்.

அடுத்தது முனையின் உயரம். பல சாதாரண முனைகளின் உயரம் சுமார் 3 மைக்ரோமீட்டர்தான். செல்லோ 6 மைக்ரோமீட்டர் உயரம். முனை செல்லின் பக்கவாட்டில் இறங்கும்போது கேன்டிலீவரின் உடலே செல்லின் தோளில் போய் இடிக்கும். படத்தில் செல்லின் ஒரு பக்கம் மட்டும் விசித்திரமாக வீங்கித் தெரிந்தால் இதைச் சந்தேகியுங்கள். உயிருள்ள செல்லுக்கென்றே 15 மைக்ரோமீட்டருக்கும் மேல் உயரமும், 65 நானோமீட்டரை ஒட்டிய முனை ஆரமும் உள்ள வகைகள் வருகின்றன. விலை கூடுதல், ஆனால் அந்தப் பணத்தை இங்கே செலவழிக்கலாம்.

மிகக் கூரான முனை சிறந்தது என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். 1 கிலோபாஸ்கல் செல்லின்மேல், அரைக்கோணம் 20 டிகிரி உள்ள கூம்பு முனையால் 300 பைக்கோநியூட்டன் மெதுவாக அழுத்தினால், கணக்குப்படி அது கிட்டத்தட்ட 1 மைக்ரோமீட்டர் அமிழும். அதே விசையை 5 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருண்டையால் கொடுத்தால் அமிழ்வு சுமார் 0.2 மைக்ரோமீட்டர்தான். வேகமாகத் தொடும்போது செல் கொஞ்சம் விறைப்பாக நடந்துகொள்ளும், அதனால் நடைமுறையில் அமிழ்வு குறையலாம். ஆனாலும் அளவு புரிந்திருக்கும். உருவம் வேண்டுமானால் ஓரளவு மழுங்கிய உயரமான முனை. விறைப்பு மட்டும் வேண்டுமானால் உருண்டை.

கேன்டிலீவரின் முதுகில் தங்கம் பூசியிருந்தால் லேசர் நன்றாகத் திரும்பும், ஆனால் வெப்பம் மாறும்போதெல்லாம் அது தானே வளையும். தங்கமும் சிலிக்கான் நைட்ரைடும் வெவ்வேறு அளவில் விரிவதுதான் காரணம். முதுகு முழுவதும் இல்லாமல் நுனிப்பகுதியில் மட்டும் பூச்சுள்ள வகை கிடைத்தால் 37 டிகிரி வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

மீடியமும் வெப்பமும்

இன்குபேட்டரில் 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடு இருப்பதால்தான் பைகார்பனேட் மீடியத்தின் பிஹெச் நிலைத்து நிற்கிறது. டிஷ்ஷை வெளியே எடுத்ததும் வாயு கிளம்பிவிடும், பிஹெச் ஏறும். ஃபீனால் ரெட் உள்ள மீடியம் செம்மஞ்சளிலிருந்து இளஞ்சிவப்பாகி ஊதாவை நோக்கிப் போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்த நிறம் வந்தபின் எடுத்த படம் நலமான செல்லின் படமாக இருக்காது. 10 முதல் 25 மில்லிமோலார் ஹெப்பீஸ் (பிஹெச்சை நிலைநிறுத்தும் பொருள்) சேர்த்த மீடியமோ, கார்பன் டை ஆக்சைடே தேவைப்படாத லீபோவிட்ஸ் எல்-15 மீடியமோ பயன்படுத்துங்கள். வாயு கொடுக்கும் மூடிய அறை சில கருவிகளில் உண்டு. வாயு ஓட்டம் கேன்டிலீவரை ஆட்டும் என்பதால் அதை மிக மெதுவாக விட வேண்டும்.

சீரம் செல்லுக்கு நல்லது, முனைக்குக் கெடுதல். அதன் புரதங்கள் முனையில் படிந்து ஒட்டும். ஓரிரு மணி நேர வேலைக்குச் சீரத்தைக் குறைத்தோ இல்லாமலோ செய்யலாம். நீண்ட பதிவு என்றால் கொஞ்சம் விட்டுவைக்கத்தான் வேண்டும். எதைத் தேர்ந்தாலும் ஒப்பிடப்போகும் எல்லா டிஷ்களுக்கும் அதையே வையுங்கள். சீரம் இருப்பதும் இல்லாததும் செல்லின் விறைப்பையே மாற்றக்கூடும்.

திறந்த டிஷ் 37 டிகிரியில் நீரை இழந்துகொண்டே இருக்கும். உப்பின் செறிவு கூடும், செல் சுருங்கும். படத்தில் உயரம் மெல்லக் குறைவதைப் பார்த்து ஏதோ உயிரியல் நிகழ்வு என்று நினைத்துவிட வேண்டாம். தலையைச் சுற்றி மென்மையான வளையம் வைத்து மூடும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் பதிவுகளுக்கு இடையில், அதே வெப்பத்தில் வைத்த சுத்தமான நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து மட்டத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

டிஷ்ஷை வைத்து ஹீட்டரைப் போட்டதும் வேலையைத் தொடங்காதீர்கள். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கருவி முழுவதும் வெப்பச் சமநிலைக்கு வரட்டும். அதுவரை, திரும்பும் லேசரைப் பிடிக்கும் போட்டோடையோடில், லேசர்ப் புள்ளி நகர்ந்துகொண்டே இருக்கும். அது அசையாமல் நின்றதும் தொடங்கலாம்.

மனிதச் செல் என்பதால் உயிரிப் பாதுகாப்பு நிலை 2-க்கான நடைமுறைகளைக் கடைப்பிடிக்க வேண்டும். கையுறை, கோட்டு, வேலை முடிந்ததும் 70 சதவீத எத்தனாலால் துடைப்பது, கழிவைக் கிருமிநீக்கம் செய்வது எதையும் விடக்கூடாது. நுண்ணோக்கி அறைக்கு வந்ததும் இதையெல்லாம் மறந்துவிடும் பழக்கம் பரவலாக உண்டு.

அளவுத்திருத்தம்

பெட்டியில் அச்சிட்ட வில் மாறிலி ஒரு தோராயம்தான். ஒவ்வொரு கேன்டிலீவருக்கும் நீங்களே அளக்க வேண்டும். வேலை இரண்டு படியில் நடக்கும். செல் இல்லாத கண்ணாடி டிஷ்ஷில், அதே மீடியத்தில், அதே வெப்பத்தில் முனையைக் கண்ணாடிமேல் அழுத்தி ஒரு வளைகோடு எடுங்கள். கண்ணாடி அமிழாது என்பதால் பீசோ நகர்ந்த அளவே கேன்டிலீவர் வளைந்த அளவு. அந்தச் சாய்விலிருந்து ஒரு வோல்ட்டுக்கு எத்தனை நானோமீட்டர் என்ற உணர்திறன் கிடைக்கும். பிறகு கண்ணாடியை விட்டு உயரே தூக்கி, கேன்டிலீவர் வெப்பத்தால் தானாக அதிர்வதைப் பதிவு செய்து, அதிலிருந்து வில் மாறிலியைக் கணக்கிட மென்பொருளிடம் சொல்லுங்கள்.

காற்றில் எடுத்த உணர்திறனைத் திரவத்துக்கு எடுத்துவர முடியாது. ஒளிவிலகல் எண் மாறுவதால் லேசரின் பாதையும் மாறும். உணர்திறனில் வரும் பிழை எப்படிப் பரவுகிறது என்பதையும் பாருங்கள். அது 10 சதவீதம் கூடுதலாகப் பதிவானால் வில் மாறிலி சுமார் 17 சதவீதம் குறைவாக வரும், ஏனென்றால் அது உணர்திறனின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் உள்ளது. இதனால்தான் ஐந்தாறு வளைகோடுகள் எடுத்துச் சராசரி பார்க்கச் சொல்கிறார்கள். ஒன்றுக்கொன்று பெரிதாக வேறுபட்டால் முனை அழுக்காகவோ லேசர் சரியாக உட்காராமலோ இருக்கும். வில் மாறிலி முன்பே துல்லியமாக அளக்கப்பட்ட கேன்டிலீவர் கிடைத்தால் கணக்கைத் திருப்பிப் போடலாம். அந்த மாறிலியையும் வெப்ப அதிர்வையும் வைத்து உணர்திறனைத் திருத்துவது. பல ஆய்வகங்கள் சேர்ந்து 2017-ல் வெளியிட்ட ‘ஸ்னாப்’ நடைமுறை இதைத்தான் செய்கிறது. ஆய்வகத்துக்கு ஆய்வகம் எண்கள் ஓடிய ஓட்டம் அதனால் வெகுவாகக் குறைந்தது.

திரவத்தில் இறக்கும் முன் முனையில் ஒரு சொட்டு மீடியம் வையுங்கள். நேராக இறக்கினால் காற்றுக்குமிழி சிக்கிக்கொள்ளும். லேசரின் மொத்த அளவு திடீரென்று விழுந்தால் பெரும்பாலும் குமிழிதான்.

இறங்குவதும் வளைகோட்டைப் படிப்பதும்

கீழிருந்து பார்க்கும் ஒளி நுண்ணோக்கியில் செல்லையும் கேன்டிலீவரின் நிழலையும் ஒன்றாகப் பாருங்கள். முனையைச் செல்லுக்குப் பக்கத்தில் உள்ள வெறுங்கண்ணாடிக்கு மேலே கொண்டுவந்து, அங்கே இறக்குங்கள். முதல் வளைகோட்டைக் கண்ணாடியில் எடுங்கள். முனை தொலைவில் இருக்கும்போது கோடு தட்டை, தொட்டதும் நேர்க்கோடாக ஒரே சாய்வில் ஏற்றம், முறிவு கூர்மை. திரும்பும் கோடு வந்த வழியிலேயே போகும். முறிவு வளைந்து குழைந்திருந்தால், கண்ணாடிக்கும் முனைக்கும் நடுவே ஏதோ மென்மையான பொருள் இருக்கிறது. அதோடு செல்லுக்குப் போகாதீர்கள்.

இப்போது முனையைத் தூக்கி, செல்லின் நடுப்பகுதிக்கு நகர்த்தி, இன்னொரு வளைகோடு. வித்தியாசம் உடனே தெரியும். தட்டைக்கோடு எங்கே முடிந்தது, ஏற்றம் எங்கே தொடங்கியது என்று கைவைத்துச் சொல்ல முடியாது. கோடு சோம்பலாக மேலெழும், மேலே போகப் போகத்தான் செங்குத்தாகும். இதுதான் உயிருள்ள செல். செட்பாயிண்ட் 0.3 நானோநியூட்டனை எட்டும்போது முனை எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று கோட்டின் மீதே அளந்து பாருங்கள். பலருக்கு அந்த எண் அதிர்ச்சியாக இருக்கும்.

அணுகும் கோட்டுக்கும் திரும்பும் கோட்டுக்கும் இடையில் உள்ள பரப்பைக் கவனியுங்கள். செல் பிசுபிசுப்பும் உடையது என்பதால் அழுத்தும்போது கொடுத்த ஆற்றல் முழுவதும் திரும்பி வராது. முனை தொடாத தட்டைப் பகுதியிலேயே இரண்டு கோடுகளும் விலகி நின்றால் அது செல்லின் குணமில்லை, திரவம் கேன்டிலீவரை இழுக்கும் இழுவை. வேகத்தைக் குறையுங்கள். நொடிக்கு 1 முதல் 10 மைக்ரோமீட்டர் பொதுவாகச் சரிவரும்.

திரும்பும் கோடு கீழே இறங்கி, படிப்படியாக வெடுக் வெடுக்கென்று விடுபட்டால், சவ்விலிருந்து மெல்லிய இழைகள் முனையில் ஒட்டி நீண்டு அறுகின்றன. ஒவ்வொரு படியும் ஓர் இழை. இவை பல மைக்ரோமீட்டர் நீளக்கூடும், அதனால் முனை பின்வாங்கும் தூரத்தைத் தாராளமாக வையுங்கள். குறைவாக வைத்தால் முனை செல்லிலிருந்து விடுபடாமலே அடுத்த இடத்துக்கு நகரும், இழைகளையும் இழுத்துக்கொண்டு. ஒட்டல் கோட்டுக்குக் கோடு கூடிக்கொண்டே போனால் முனை அழுக்காகிவிட்டது. கண்ணாடிக்குத் திரும்பி, முதல் கோட்டோடு ஒப்பிடுங்கள்.

செல்லின் மெல்லிய விளிம்பில் ஒரு கோடு எடுத்துப் பாருங்கள். தொடக்கத்தில் மென்மையாக ஏறி, பாதியில் திடீரென்று கண்ணாடியின் சாய்வுக்கு மாறும். அந்த இடத்தில் முனை செல்லைத் தாண்டி அடித்தளத்தை உணரத் தொடங்கிவிட்டது. விளிம்பு விறைப்பானது என்று அவசரப்பட்டு எழுதப்பட்ட பல முடிவுகளுக்குப் பின்னால் இந்தக் கண்ணாடி இருக்கிறது.

படமெடுப்பு

தொடர்பு முறையில் முனை செல்லை விட்டு எழாமல் உரசிக்கொண்டே போகும். விசையை 100, 200 பைக்கோநியூட்டனில் அடக்கிவைத்தால் தட்டையான செல்லில் இது வேலை செய்யும். அழுத்தத்தைச் சற்றே கூட்டினால் சவ்வு முனையின் கீழ் தாழ்ந்து, உள்ளே உள்ள ஆக்டின் இழைகள் கயிறுகள் போலப் புடைத்துத் தெரியும். ஆனால் பக்கவாட்டு இழுவை செல்லைப் பெயர்க்கும். திரவத்தில் டேப்பிங் அதைத் தவிர்க்கும், ஆனால் உண்மையில் எவ்வளவு விசை விழுகிறது என்பது உங்களுக்குத் தெரியாது.

நான் பரிந்துரைப்பது ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வளைகோடு எடுத்துப் படமாக்கும் முறைகளை. பீக்ஃபோர்ஸ் டேப்பிங், க்யூஐ என்று கருவிக்குக் கருவி பெயர் மாறும். முனை இறங்கும், சொன்ன விசையைத் தொட்டதும் எழும், எழுந்தபின்தான் பக்கத்தில் நகரும். பக்கவாட்டு இழுவை கிட்டத்தட்ட இல்லை. ஒவ்வொரு தொடுதலின் விசையும் கையில் இருக்கும். உயரமும் விறைப்பும் ஒட்டலும் ஒரே பதிவில் வரும்.

தொடக்கத்துக்கு இப்படி வையுங்கள்: பரப்பின் பக்கம் 50 மைக்ரோமீட்டர், பக்கத்துக்கு 128 அல்லது 256 புள்ளிகள், உச்ச விசை 200 முதல் 500 பைக்கோநியூட்டன், தொடும் அதிர்வெண் 250 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கும் கீழ், முனை எழும் தூரம் அரை மைக்ரோமீட்டருக்குக் குறையாமல். 256 வரிகளை நொடிக்கு அரை வரி வீதம் எடுத்தால் ஒரு படத்துக்கு சுமார் எட்டரை நிமிடம். அந்த நேரத்தில் செல்லின் விளிம்பு நகர்ந்திருக்கும். படத்தின் மேல்வரியும் கீழ்வரியும் வெவ்வேறு நேரத்துச் செல்கள் என்பதை மனத்தில் வைத்தே அதைப் படியுங்கள். முதலில் 32 புள்ளிகளில் விரைவான ஒரு படம் எடுத்து, செல் எங்கே, எவ்வளவு உயரம் என்று தெரிந்துகொண்டபின் நுணுக்கத்துக்குப் போவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

செல்லின் பக்கச் சரிவு செங்குத்தாக இருக்கும் இடத்தில் முனை ஏறத் தாமதித்தால் விசை எகிறும். ஸ்கேன் வேகத்தைக் குறைப்பதே சரியான மருந்து. கெயினை ஏற்றினால் ஓரளவுக்குப்பின் ஃபீட்பேக் தானே அதிரத் தொடங்கும், அந்த அதிர்வு செல்மேல் அலை அலையாகப் படத்தில் விழும்.

சத்தமும் அதிர்வும் தனித் தலைவலி. அதிர்வடக்கும் மேசை அவசியம், ஒலி மூடி இருந்தால் போடுங்கள், பதிவின்போது அறையில் பேசாதீர்கள்.

திரையில் தெரிவது எதுவரை உண்மை?

விலக்கப் படம் (கேன்டிலீவரின் வளைவைக் காட்டுவது) எப்போதும் உயரப் படத்தைவிட அழகாக இருக்கும். இழைகள், மடிப்புகள் எல்லாம் நிழல் விழுந்த சிற்பம் போலத் தெரியும். அது ஃபீட்பேக் எவ்வளவு பிந்தியது என்பதன் படம், அதில் உயரம் இல்லை. கட்டுரையில் போடலாம், அளக்கக்கூடாது.

உயரப் படத்திலும் ஒரு நுட்பம் உண்டு. அது அழுத்தப்பட்ட செல்லின் உயரம். முனை எவ்வளவு அமிழ்ந்ததோ அவ்வளவு குறைந்திருக்கும். மென்மையான இடத்தில் அதிகம் குறையும், இழைக்கு மேலே குறைவாக. ஆகவே சவ்வு சமமாக இருந்தாலும் இழை மேடாகத் தோன்றும். வளைகோடுகள் சேமிக்கப்பட்டிருந்தால், ஒவ்வொன்றிலும் முதன்முதலில் தொட்ட புள்ளியை வைத்து, அழுத்தமற்ற நிலையின் உயரத்தை மறுபடி வரையலாம். இதனால்தான் வளைகோடுகள் அத்தனையையும் சேமித்து வையுங்கள் என்று பிடிவாதமாகச் சொல்கிறேன்.

ஸ்கேன் திசையில் கோடு கோடாக இழுபட்ட தடம் தெரிந்தால், செல் தளர்ந்திருக்கிறது, அல்லது முனையில் ஒட்டியது கூடவே வருகிறது. ஒரே வடிவம் படம் முழுக்கத் திரும்பத் திரும்ப ஒரே திசையில் வந்தால் அது செல்லின் உறுப்பு இல்லை, உடைந்த அல்லது இரட்டையான முனையின் வடிவம். ஸ்கேன் கோணத்தை மாற்றாமல், டிஷ்ஷை 90 டிகிரி திருப்பிப் பாருங்கள். உண்மையான அமைப்பு செல்லோடு திரும்பும், முனையின் வடிவம் படச் சட்டத்தோடு அப்படியே நிற்கும்.

படத்தைச் சமப்படுத்தும்போது மென்பொருளின் தானியங்கி வரிச் சமன் பொத்தானை அழுத்தாதீர்கள். செல்லைச் சேர்த்தே சராசரி எடுப்பதால் செல்லின் இரு பக்கமும் கண்ணாடி பள்ளமாகத் தெரியும். இலவசமாகக் கிடைக்கும் க்விட்டியன் மென்பொருளில் செல்லை மறைத்துவிட்டு, கண்ணாடியை மட்டும் வைத்துத் தளத்தைப் பொருத்தலாம்.

விறைப்பு எண்கள்

வளைகோட்டை, விசையையும் அமிழ்வையும் இணைக்கும் ஹெர்ட்ஸ் மாதிரியில் பொருத்தி யங் குணகம் எடுப்பது வழக்கம். முனை உருண்டையானால் விசை அமிழ்வின் ஒன்றரை அடுக்கில் வளரும், கூம்பானால் இரண்டாம் அடுக்கில். எந்த முனைக்கு எந்தச் சூத்திரம் என்பதைத் தவறாகத் தேர்ந்தால் எண் தலைகீழாகும். பாய்சான் விகிதம் 0.5 என்று, அதாவது அழுத்தினாலும் செல்லின் கன அளவு மாறாது என்று, எடுத்துக்கொள்வார்கள். அமிழ்வு அந்த இடத்துச் செல் உயரத்தின் 10 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் அடித்தளத்தின் பாதிப்பு சிறிதாக இருக்கும். மெல்லிய பகுதிக்குத் தனித் திருத்தம் தேவை.

ஹெர்ட்ஸ் கற்பனை செய்த பொருள் ஒரே சீரானது, எங்கும் பரந்தது, மீள்தன்மை மட்டுமே கொண்டது. செல் இதில் எதுவும் இல்லை. அதனால் ஒரு செல்லின் விறைப்பு 2.3 கிலோபாஸ்கல் என்று தனியாகச் சொல்வதில் பொருள் குறைவு. ஒரே முனை, ஒரே வேகம், ஒரே ஆழம், ஒரே வெப்பம் வைத்து இரண்டு வகைச் செல்களை ஒப்பிட்டால் பொருள் உண்டு. நோயாளிகளின் நுரையீரல் உறைத் திரவத்திலிருந்து எடுத்த பரவும் புற்றுநோய்ச் செல்கள், அதே திரவத்தில் இருந்த நலமான செல்களைவிட 70 சதவீதத்துக்கும் மேல் மென்மையானவை என்று 2007-ல் காட்டியதன் வலிமை அந்த ஒப்பீட்டில்தான் இருந்தது. வேகம், ஆழம், முனை ஆரம், வெப்பம் நான்கையும் எண்ணோடு சேர்த்தே எழுதுங்கள்.

முடிக்கும்போது

முனையை உடனே தூக்கிக் கழற்றிவிடாதீர்கள். முதலில் எடுத்த அதே வெறுங்கண்ணாடிப் பகுதியில் இன்னொரு வளைகோடு எடுங்கள். சாய்வும் ஒட்டலும் காலையில் இருந்ததுபோலவே இருந்தால் இடையில் எடுத்த பதிவுகளை நம்பலாம். மாறியிருந்தால், எந்த இடத்திலிருந்து மாறியது என்று நடுவில் எடுத்த கண்ணாடிக் கோடுகளை வைத்துப் பின்னோக்கித் தேடுங்கள். ஒவ்வொரு செல்லுக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் கோடு எடுத்திருந்தால் நாள் முழுவதையும் தூக்கிப்போட வேண்டியிருக்காது.

பிறகு டிஷ்ஷில் புரோப்பிடியம் அயோடைடு சேர்த்து ஒளிர்வில் பாருங்கள். நீங்கள் தொட்ட செல்லின் நியூக்ளியஸ் சிவப்பாக ஒளிர்ந்தால் சவ்வு கிழிந்திருக்கிறது, அந்தச் செல்லின் தரவு உயிருள்ள செல்லுக்கான கணக்கில் சேராது. ஒளிர்வு வசதி இல்லாத இடத்தில் டிரைபன் நீலம் போதும். தொடாத செல்களையும் சேர்த்துப் பாருங்கள். அவையும் செத்திருந்தால் குற்றம் முனையில் இல்லை, மீடியத்திலோ வெப்பத்திலோ இருக்கிறது. இரண்டாவது டிஷ்ஷை எடுக்கும் முன் அதைச் சரிசெய்யுங்கள்.